மறுத்தது எதனை?

ஏடொன்று நெடுநாள் துருவி ஆராய்ந்து ஒரு செய்தியை வெளியிடுகின்றது. மறுநாளே மறுப்பு வந்துவிடுகின்றது. செய்தியைத் தேடிப் படிப்போர் பலர். மறுப்பைச் சொல் சொல்லாகப் படிப்போர் மிகச் சிலர். "அவர்கள்தாம் மறுத்துவிட்டார்களே" என்பதோடு திண்ணைப் பேச்சு முடிந்துவிடுகின்றது. ஆயின் வரலாறு எழுதுவோனுக்கு மறுப்பும் ஓர் ஆவணமே. அஃது எதனை மறுக்கின்றது, எதனைத் தொடாமல் விடுகின்றது என்று பார்த்தல் வேண்டும்.

1987 ஏப்ரல் 16 அன்று, இந்தியப் படைக்குப் பீரங்கி விற்கும் ஒப்பந்தத்தைப் பெறப் போபர்ஸ் நிறுவனம் கையூட்டுக் கொடுத்ததெனச் சுவீடன் வானொலி அறிவித்தது. நடுவணரசு அதனைப் பொய்யென்றும் விஷமத்தனமென்றும் ஒரே மூச்சில் தள்ளியது. ஆகஸ்ட் 6 அன்று மக்களவையில் பிரதமர் ராஜீவ் காந்தி சொன்னதோ வேறு: தாமோ தம் குடும்பத்தாரோ இதில் எதனையும் பெறவில்லை என்றார். நாடு கேட்ட வினா, பணம் கைமாறியதா என்பது. கிடைத்த விடை, எம் கைக்கு வரவில்லை என்பது. 1988 ஏப்ரல் முதல் சென்னையின் 'தி ஹிந்து' நாளேடு பணம் சென்ற வழியைக் காட்டும் ஆவணங்களை அச்சிட்டது. 2004-இல் தில்லி உயர் நீதிமன்றம் ராஜீவ் மீதான கையூட்டுக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. அவருடைய குறுகிய மறுப்பு நின்றது. அரசின் அகன்ற மறுப்பு நிற்கவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதியதே அன்று பலர் செய்த பிழை.

அவர் 1991 மே 21 அன்று உயிர் நீத்த ஸ்ரீபெரும்புதூர், இன்று தொழிற்சாலைகளின் ஊர். மண்ணூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என அவ்வட்டாரம் முழுதும் ஆலைகள். விடியுமுன் பேருந்துகளில் வந்திறங்கும் இளம்பெண்கள். ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையும் அங்குள்ளதே. 2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் நிறுவனம் நீண்டதொரு செய்தி வெளியிட்டது. மணமான பெண்களை அவ்வாலை ஐபோன் பூட்டும் வேலைக்குச் சேர்க்காமல் தள்ளுகின்றது. உற்பத்தி நெருக்கடிக் காலத்தில் மட்டுமே அவ்விதி தளர்கின்றது என்பது அதன் சாரம். ஆள் சேர்க்கும் முகவர் நிறுவனங்களின் ஊழியர் 17 பேரும், ஆலையின் மனிதவள அலுவலர் நால்வரும் இதனைச் சொல்லியிருந்தனர். 2023 ஜனவரி முதல் 2024 மே வரையிலான விளம்பரங்களும் சான்றாயின.

ஃபாக்ஸ்கானின் மறுப்பு வன்மையானது. திருமண நிலை, பாலினம், மதம் என எவ்வகையிலும் பாகுபாடு இல்லை என்றது. (மதத்தைப் பற்றி எழுந்த பேச்சு, தாலி, மெட்டி போன்ற உலோக அணிகள் ஆலைக்குள் இடையூறு என்ற அளவில்தான். மூல வினாவோ மணமானவளுக்கு வேலை உண்டா என்பது. பட்டியல் நீளும்போது அவ்வினா அதற்குள் மங்கிவிடுவதைக் காண்க.) 2022-இல் சில முகவர்களின் விளம்பரங்களில் குறை கண்டு திருத்தியதாகவும் அந்நிறுவனம் கூறிற்று. ஆப்பிள் நிறுவனமும் 2022-ஐயே சுட்டியது. ஆனால் செய்தி பேசியது அதற்குப் பிந்திய காலத்தை அன்றோ!

எல்லா மறுப்பும் இத்தகையதன்று. 2021 டிசம்பரில் அதே ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி சாலை மறியல் வரை சென்றது. அதிகாரிகள் மறுத்தனர். இறந்தார் எனப்பட்டோர் உயிரோடிருந்தனர். இன்னார் இதோ இருக்கின்றார் என்று காட்டத்தக்க மறுப்பு அது.

2024-க்கு வருவோம். புதிதாகச் சேர்ந்தோரில் 25 விழுக்காட்டினர் மணமான பெண்கள் என ஃபாக்ஸ்கான் அரசுக்குத் தெரிவித்ததாக முதலில் செய்தி வந்தது. ஜூலை 1 அன்று தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆலைக்குச் சென்றபோது நிறுவனம் தந்த கணக்கு வேறு: ஊழியர் 41,281 பேர், பெண்கள் 33,360, அவருள் மணமானோர் 2,750, அதாவது ஏறத்தாழ 8 விழுக்காடு. இரண்டும் மெய்யாகவே இருக்கலாம். ஒன்று புதியோர் கணக்கு, மற்றது அனைவர் கணக்கு. ஐபோன் பூட்டும் பகுதியில் எத்தனை பேர் என்பதோ பிரித்துச் சொல்லப்படவில்லை. செய்தி குறை கூறியது அப்பகுதியைத்தான்.

அதிகாரிகள் ஆலையில் பணிபுரியும் மணமான பெண்கள் 40 பேரைக் கேட்டனர். பாகுபாடு உண்டென எவரும் கூறவில்லை. வேலை கிடைத்தவரிடம் கேட்டால் வேறென்ன விடை வரும்? நம் வீட்டு மருமகள் ஒருத்தி வாயிலிலேயே திருப்பியனுப்பப்பட்டிருந்தால், அவள் அந்த 40 பேரில் இருந்திருக்க மாட்டாள்.

2024 நவம்பரில், வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றை விளம்பரங்களிலிருந்து நீக்குமாறு ஃபாக்ஸ்கான் முகவர்களுக்கு உத்தரவிட்டது என்ற செய்தியும் வந்தது. 2025 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம், அதிகாரிகள் ஆள்சேர்ப்பு ஆவணங்களைப் பார்க்காமலே, பணியில் இருப்போர் சொல்லை நம்பி அறிக்கை தந்துள்ளனர் எனக் கண்டித்து, மறுபடி ஆராயுமாறு பணித்தது.