நடைவண்டி: ஒரு குட்டித் தேரின் கதை

மார்கழித் திருவிழாவின் 9ஆம் நாள் சுசீந்திரத்தில் தேரோட்டம். வடசேரி, நாகர்கோவில், தோவாளைப் பக்கத்து ஜனமெல்லாம் அன்று அங்கேதான் இருக்கும். ஓடுவது ஒரு தேர் இல்லை, மூன்று. வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகி, தேரை நிறுத்தியும் திருப்பியும் விடும் ஆட்களைக் கவனிப்பவர்கள் குறைவு. ("முட்டுக்கட்டை போடாதே" என்று தினமும் சொல்கிறோமே, அந்தக் கட்டைதான் இது!)

இந்தப் பெரிய தேருக்கு வீட்டுக்குள் ஒரு தம்பி உண்டு. மூன்று சக்கரம், ஒரு சட்டம், ஒரு கைப்பிடி. நடைவண்டி. நடக்கப் பழகும் பிள்ளைக்கு மாமனோ தாத்தாவோ ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொடுத்த சாமான். அக்கா பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குக் கையால் எதையாவது செய்து கொடுக்க நினைப்பவர்கள் இதிலிருந்தே தச்சுவேலையைத் தொடங்கலாம். அதற்கு முன் இதன் வயதைக் கொஞ்சம் பார்ப்போம்.

மரத்தின் வரலாற்றில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மரம் மக்கிப் போகும். சிந்துவெளியில் கிடைத்த பொம்மை வண்டிகள் சுட்ட மண்ணால் ஆனவை, அதனால் தப்பின. அந்தக் காலத்துப் பிள்ளைகள் மரவண்டியும் ஓட்டினார்களா என்று மண்ணைக் கேட்டுப் பயனில்லை. உத்தரப் பிரதேசத்தின் சினௌலியில் 2018இல் சுமார் 4000 ஆண்டு பழைய வண்டிகளைத் தோண்டி எடுத்தார்களே, அங்கேயும் மரம் மக்கிவிட்டது. சக்கரத்தின் மேல் பதித்திருந்த செம்புதான் வடிவத்தைக் காட்டிக் கொடுத்தது.

ஆனால் தமிழில் வேறொரு சாட்சி இருக்கிறது. பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவருடைய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட ஒரு பெண் காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். அது, சின்னப் பையன்கள் குதிரை இல்லாமல் உருட்டிவரும் குட்டித் தேருக்கு வழியில் தடையாகக் கிடக்கிறது. அந்தத் தேருக்குக் கால் மூன்று என்று கணக்கையும் கவிஞர் சொல்லிவிடுகிறார். கோழியை விரட்டத் தங்கத்தை எறிவது கொஞ்சம் ஓவர்தான். மருமகளோ மகளோ இன்று அப்படிச் செய்தால் வீடு இரண்டாகிவிடும்!

அவருடைய இன்னொரு பாட்டு பெரும்பாணாற்றுப்படை. அதில் வரும் குழந்தைகள் ஏறி ஊர முடியாத தேரை உருட்டி, தளர்நடை நடந்த களைப்புத் தீரச் செவிலித் தாயைத் தழுவிப் பால் குடித்துத் தூங்குகிறார்கள். இந்தத் 'தளர்நடை'தான் இங்கே முக்கியம். தத்தித் தத்தி நடக்கும் வயதில் பிள்ளை உருட்டிக்கொண்டு போகும் மரத்தேர் என்றால் அது வேறென்ன? ஒரே கவிஞர், ஒரு பாட்டில் மூன்று காலைச் சொன்னார், இன்னொன்றில் தளர்நடையைச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடைவண்டி கண்முன்னே நிற்கிறது.

அதே இடத்தில் மனசைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி அந்தத் தேர் செய்யப்பட்டிருந்ததாம். அழகைப் புகழத்தான் கவிஞர் அப்படிச் சொன்னார். ஆனால் செய்தவன் வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்து ஏங்கியது என்பதும் அதற்குள் இருக்கிறதே!

புறநானூற்றில் அதியமானைப் பாடும் ஔவையாரும் ஒரு தச்சனைக் கூப்பிடுகிறார். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடியவன், ஒரு மாதம் யோசித்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் எப்படி இருக்கும், அப்படிப்பட்டவன் அதியமான் என்கிறார். சக்கரம் செய்வது லேசான வேலை இல்லை என்பது ஔவைக்கே தெரிந்திருக்கிறது. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளையின் பத்துப் பருவத்தில் கடைசியாக நிற்பதும் சிறுதேர்ப் பருவம்தான். தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய யோசனை என்று பெருமைப்பட வேண்டாம். 1516இல் இறந்த நெதர்லாந்து ஓவியர் ஹிரோனிமஸ் போஷ், நடை பழகும் மரச்சட்டத்தைத் தள்ளிவரும் குழந்தை ஏசுவை வரைந்திருக்கிறார். அந்தப் படம் வியன்னா மியூசியத்தில் இருக்கிறது.

சரி, நான்கு இருக்க மூன்று சக்கரம் ஏன்? முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலிக்கு ஒரு கால் குட்டையானாலும் ஆடும். மேடு பள்ளமான மண் முற்றத்தில் மூன்று சக்கரமும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு சக்கரமும், அதற்கான வேலையும் மிச்சம்.

நாஞ்சில் நாட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. பலா, அயினி, பூவரசு, தேக்கு எல்லாம் தோட்டத்திலேயே நின்ற மரங்கள். பலாவில் என்ன செய்யலாம் என்று பார்க்க வடசேரியிலிருந்து தக்கலைப் பக்கம் பஸ் ஏறினால் போதும். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் பலாமரத் தூணில் குடைந்திருக்கும் பூவேலையைப் பார்த்தவர்கள் சீக்கிரம் நகரமாட்டார்கள். (1956இல் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறை.) வாள், உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, துறப்பணம், அரம். அந்தத் தூணுக்கு வேண்டிய ஆயுதங்களின் குடும்பம்தான் நடைவண்டிக்கும். துறப்பணம் என்பது கயிற்றைச் சுற்றி வில்லால் இழுத்துத் துளை போடும் கருவி. இன்று அந்த இடத்தில் டிரில் வந்துவிட்டது, மற்றவை ஏறக்குறைய அப்படியேதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தப்பு, மரக்கிளையை வாழைக்காய் மாதிரி வட்டமாக நறுக்கிச் சக்கரம் என்பது. நறுக்கும்போது அழகாகத்தான் இருக்கும். காய்ந்ததும் நடுவிலிருந்து விளிம்புவரை பிளந்துகொள்ளும். காரணம், மரம் காயும்போது வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே நன்றாகக் காய்ந்த, ஓர் அங்குலக் கனப் பலகைதான் வேண்டும். கவராயத்தால் 4 அங்குல வட்டம் போட்டு, வெட்டும் முன்பே நடுத் துளையைப் போட்டுவிட வேண்டும். பிறகு வாளால் மூலைகளை அறுத்து எட்டுப் பக்கமாக்கி, மிச்சத்தை உளியாலும் அரத்தாலும் வட்டமாக்கலாம். ஒரே திசையில் சுற்றிச் செதுக்கிக்கொண்டே போனால் கால்வட்டம் தாண்டியதும் மரம் பிய்த்துக்கொண்டு வரும். அந்த இடத்தில் திசையை மாற்ற வேண்டும். உளி மழுங்கியிருந்தால் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. சாணைக்கல்லில் தீட்டப் பழகுவதுதான் முதல் பாடம். கையை வெட்டுவது பெரும்பாலும் மழுங்கிய உளி, ஏனென்றால் அதைத்தான் பலங்கொண்டு தள்ள வேண்டியிருக்கும்.

பின் அச்சு சட்டத்தோடு அசையாமல் இருக்க, சக்கரம் மட்டும் அதில் சுழல வேண்டும். அச்சின் நுனியில் துளைத்துச் சொருகும் சின்னக் குச்சிதான் கடையாணி. வள்ளுவர் பெரிய தேரைச் சொல்லும்போது ஞாபகப்படுத்தும் அச்சாணி இதுதான். ஒரு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 75 செ.மீ. உயரம் இருக்கும், ஆகவே கைப்பிடி 40 முதல் 45 செ.மீ. போதும்.

இப்போது கடைகளில் விற்கும், நடுவில் உட்கார இருக்கை வைத்த பிளாஸ்டிக் வாக்கர் வேறு ஜாதி. அதில் நிற்கத் தெரியாத பிள்ளையும் சறுக்கிக்கொண்டு படிக்கட்டுவரை போய்விடும். கனடா 2004இல் அதை விற்கவே தடை போட்டது. நடைவண்டி, தானாக எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்தான் நகரும். அதற்காகப் பிள்ளையைத் தனியே விட்டுவிடக் கூடாது. ஆனால் மரச்சக்கரம் கடகடவென்று போடும் சத்தத்தில், பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்று அடுக்களையில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்!

கடைசியாக நிறம். பிள்ளை எதையும் வாயில் வைக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். பழைய டப்பாவை எடுத்துப் பூச வேண்டாம். கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்தில் கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டும், தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அரக்கு வடசேரிக்கு ஒன்றும் புதிதில்லை. சாமிக்கும் பரதநாட்டியத்துக்கும் இங்கே செய்யும் கோயில் நகைகளில், சிவப்புக் கல்லின் அடியில் இருப்பது அரக்குதான். கடைசல் இல்லாதவர்கள் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, தேன்மெழுகைத் துணியில் தொட்டுப் பூசினாலே போதும்.

கொடுப்பதற்கு முன் கைப்பிடியில் இரண்டு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். முன் சக்கரம் தூக்கிக்கொண்டால், பிள்ளை சாயும்போதும் தூக்கும். பின் அச்சைக் கழற்றி இன்னும் இரண்டு அங்குலம் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும்.