அதிகாரம் தந்தவர் யார்?

எருசலேம் கோவிலில் இயேசுவைத் தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் மூப்பர்களும் வழிமறித்து, இவற்றைச் செய்ய உமக்கு அதிகாரம் கொடுத்தவர் யார் என்று கேட்கிறார்கள் (மாற்கு 11:27-33). முந்தின நாள்தான் அவர் நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்திருந்தார். கோவில் பொறுப்பாளர்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் கேட்டவர்களின் அதிகாரம் எங்கிருந்து வந்தது? தலைமைக் குரு கயபாவை ஏறத்தாழ கி.பி. 18இல் பதவியில் அமர்த்தியவர் உரோமை ஆளுநர் வலேரியு கிராத்து. கி.பி. 36இல் இறக்கியதும் உரோமை அதிகாரியே. தலைமைக் குருவின் திருவுடைகூட, கோவிலை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் உரோமையர் காவலில் இருந்தது. திருவிழாவுக்கு முன் வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு.

இயேசு இதைச் சொல்லிக் காட்டவில்லை. யோவானின் திருமுழுக்கு விண்ணிலிருந்து வந்ததா, மனிதரிடமிருந்தா என்று திருப்பிக் கேட்டார். யோவான் குரு செக்கரியாவின் மகன். ஆயினும் கோவிலில் அல்ல, யோர்தானில்தான் திருமுழுக்குக் கொடுத்தார். அவரைக் கொன்ற ஏரோது அந்திப்பாவின் படை பின்னர் தோற்றபோது, அது கடவுள் தந்த தண்டனை என்று யூதருள் சிலர் கருதியதாக யோசேப்பு எழுதுகிறார். (எனவே யூதர் எல்லாரையும் இறைவாக்கினரின் எதிரிகளாகப் பேசுவது சரியன்று.)

அந்த மக்களுக்குத்தான் தலைவர்கள் அஞ்சினார்கள். விண்ணிலிருந்து என்றால், ஏன் நம்பவில்லை என்ற கேள்வி வரும். மனிதரிடமிருந்து என்றால் கூட்டம் சும்மா விடாது. மறைநூலைக் கரைத்துக் குடித்தவர்கள், தெரியாது என்றார்கள். இயேசுவும் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.