வாளியும் கடலும்

கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறையைக் கடந்து போனால் கூக்கால் கிராமம் வருகிறது. சரிவெல்லாம் படிக்கட்டாக இறங்கும் பூண்டு வயல்கள், கீழே ஏரி, அதையடுத்துச் சோலைக்காடு. ஒரு நாள் மாலை அங்கே நின்றிருந்தேன். தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிய பையன் கொஞ்சம் வாய்க்காலில் சிந்திவிட்டான். வானவில் வர்ணத்தில் அது பரவிக்கொண்டே போயிற்று.

"வாய்க்காலை அடைடா! ஏரிக்குப் போயிரும். சிந்தினவன்தான் அள்ளணும்" என்று அதட்டினார் கிழவர். பையன் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, வைக்கோலால் எண்ணெயை ஒற்றி எடுக்கலானான்.

எனக்குச் சென்னைக் கடற்கரை நினைவுக்கு வந்தது. கிழவரிடம் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

2017 ஜனவரி 28. பொழுது இன்னும் விடியவில்லை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பல் வெளியே புறப்பட்டது. 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய கடலில் இரண்டும் மோதிக்கொண்டன! கடலுக்குச் சேதமில்லை என்றே முதலில் அறிவித்தார்கள். ஆனால் காஞ்சிபுரத்தின் வயிற்றிலிருந்து கறுப்பு எரியெண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. பின்னர் போட்ட கணக்கில் அது ஏறக்குறைய 196 டன்.

"சமுத்திரம் எவ்வளவு பெருசு! அதுக்கு இது எம்மாத்திரம்ங்க?" என்றார் கிழவர்.

நியாயமான சந்தேகந்தான். ஆனால் எண்ணெய் மிதக்கிறது. காற்றும் நீரோட்டமும் அதைக் கரைக்கே தள்ளுகின்றன. எர்ணாவூர்க் கரையில் கொட்டியிருந்த பாறைகளின் நடுவே அது தேங்கியது. அலை கடையக் கடைய, தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு தார்க்குழம்பாகத் தடித்தது. உறிஞ்ச வந்த யந்திரங்கள் திணறின. கடைசியில் கைகொடுத்தது சாதாரண வாளி! கடலோரக் காவல் படையினர், மாணவர்கள், மீனவர்கள் எல்லோரும் நின்று அள்ளினார்கள். பட்டணத்து ஜனங்களோ மீன் வாங்கவே அஞ்சினார்கள். கடலைச் சுத்தம் செய்த மீனவனுக்குப் பிழைப்பும் போயிற்று.

வாளியை ஏளனம் செய்வதற்கில்லை. 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் 'டாரி கேன்யன்' கப்பல் பாறையில் ஏறி, லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைக் கடலுக்குக் கொடுத்தது. விமானங்கள் குண்டு போட்டு அதைக் கொளுத்தப் பார்த்தன. ஆயிரக்கணக்கான டன் அழுக்கு நீக்கும் ரசாயனத்தைத் தெளித்தார்கள். எண்ணெய்க்குத் தப்பிய கரையோர நத்தைகள் மருந்துக்குத் தப்பவில்லை!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அப்போதும் மீனவர்கள் படகேறிக் கையால்தான் அள்ளினார்கள்.

கிழவர் சற்று யோசித்தார். "சிந்தினவங்க என்ன ஆனாங்க?"

"வழக்கு உண்டு, நஷ்டஈடு உண்டு, பெரியவரே" என்றேன்.

"அதைக் கேக்கலீங்க. அவங்க கையில எண்ணெய் பட்டுச்சா?"

நான் பையனைப் பார்த்தேன். இரண்டு கைகளும் கறுத்துப் போயிருந்தன. வாய்க்கால் தெளிந்திருந்தது.