எழுபத்தைந்து நாள் மௌனம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் அருப்புக்கோட்டையைத் தாண்டினால் வருவது பந்தல்குடி. இந்தக் கரிசல் வட்டாரத்துக்குத் தமிழக அரசியலில் ஒரு தனி இடம் உண்டு. 1977-ல் எம்.ஜி.ஆர் அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்துத்தான் முதன்முறையாக முதல்வர் ஆனார். ஒரு தலைவரின் உடல்நிலையை ஊரே தன் வீட்டு விஷயமாகப் பேசியதும் அவர் காலத்தில்தான்.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர் சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். பிறகு அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டு போனார்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற சந்தேகம் எழுந்தது. கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவர் மருத்துவமனையில் இருக்கும் படங்களை வெளியிட்டார்கள். அவர் சாப்பிடுவதைக் காட்டும் வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். அந்த டிசம்பரில் நடந்த தேர்தலில், தமிழ்நாட்டுக்கு வராமலே ஆண்டிபட்டியில் அவர் ஜெயித்தார். அது ஓட்டுக்காகச் செய்யப்பட்டதுதான். ஆனாலும் சந்தேகத்துக்கு ஒரு பதில் கிடைத்தது.

32 வருடம் கழித்து அதே கட்சி இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. 2016 செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா அப்போலோவில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்று முதல் அறிக்கை சொன்னது. அதன்பின் 75 நாட்கள்! அந்த நாட்களில் ஒரு புகைப்படம்கூட வெளிவரவில்லை. வதந்தி பரப்பியதாகப் பலர் மீது வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட்டால் வதந்தி நிற்குமா? டிசம்பர் 5 மாலையில் டிவிக்கள் மரணச் செய்தி சொல்ல, கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. இரவு 11.30-க்கு இறந்தார் என்று அறிவிப்பு வந்தது. விடிவதற்குள் ஓ. பன்னீர்செல்வம் முதல்வராகப் பதவியேற்றுவிட்டார்.

மக்களின் சந்தேகம் அரசியல்வாதிகளுக்கு ஆயுதம் ஆனது இதற்குப் பிறகுதான். 2017 பிப்ரவரி 7 அன்று பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன் தியானத்தில் உட்கார்ந்தார். அதோடு அவருக்கும் சசிகலாவுக்கும் இருந்த மோதல் வெளியே வந்தது. மரணம் பற்றி விசாரணை வேண்டும் என்பது அவர் தரப்பின் முக்கியக் கோரிக்கை ஆனது. ஜெயலலிதா சிகிச்சையில் இருந்தபோது அவருடைய இலாகாக்களைக் கவனித்தவரும் இதே பன்னீர்செல்வம்தான். அந்த டிசம்பரில், ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தின நாள், ஜெயலலிதா மருத்துவமனையில் இருக்கும் வீடியோவை தினகரன் அணியினர் வெளியிட்டார்கள். அதுவரை அதை ஏன் மறைக்க வேண்டும் என்று ஜனங்கள் கேட்டதில் தப்பு உண்டா?

ஆறுமுகசாமி ஆணையம் 2017 செப்டம்பரில் அமைக்கப்பட்டது. பல முறை கால நீட்டிப்பு வாங்கியது. நடுவில் உச்ச நீதிமன்றத் தடையும் வந்தது. 2022 மார்ச்சில் ஆணையத்தின் முன் வந்த பன்னீர்செல்வம், தனக்குத் தனிப்பட்ட சந்தேகம் இல்லை என்று சொன்னார். எய்ம்ஸ் மருத்துவர் குழு சிகிச்சை சரி என்றது. அதே வருடம் அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட ஆணைய அறிக்கையோ, சசிகலா உள்ளிட்ட நான்கு பேர் மீது விசாரணை தேவை என்றது. குற்றச்சாட்டை சசிகலா மறுத்தார். இப்படி ஒரே மரணத்துக்கு அரசு வழியிலேயே இரண்டு பதில்கள் கிடைத்தன.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடப்பதில்லை. சோவியத் தலைவர் ஆந்த்ரபோவ் பல மாதம் வெளியே தலைகாட்டாதபோது ஜலதோஷம் என்றுதான் சொன்னார்கள். 1984 பிப்ரவரியில் அவர் இறந்தே போனார்.

ஜனங்களுக்கு வதந்தி மேல் ஆசை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அரசு சொல்லாமல் விட்ட இடத்தைத்தான் வதந்தி நிரப்புகிறது. முதல்வரின் உடல்நிலை அவரது சொந்த விஷயம் என்று வாதிடலாம். ஆனால் கையெழுத்துப் போடுவது யார், முடிவு எடுப்பது யார் என்பது ஓட்டுப் போட்டவனின் விஷயம். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஐந்து வருட விசாரணை எதற்கு?