ரோலர் டேர்பி: முதலில் விழப் பழகுங்கள்

நான் ரோலர் டேர்பி பழகத் தொடங்கியபோது எனக்கு 34 வயது. ரொறன்ரோவில், கோடைக்காகப் பனி அகற்றப்பட்ட ஒரு ஐஸ் அரங்கின் சீமெந்துத் தரையில் முதல் வகுப்பு. ஓடச் சொல்லித் தருவார்கள் என்று போனேன். ஒரு மணித்தியாலமாக விழத்தான் சொல்லித் தந்தார்கள்.

விழுவது எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். ஷெல் கூவும் சத்தம் கேட்டதும் குப்புற விழுந்து, காதைப் பொத்தி, சத்தம் ஓயும்வரை அசையாமல் கிடந்து வன்னியில் வளர்ந்த உடம்பு இது. டேர்பியில் அப்படிக் கிடந்தால் பின்னால் வருபவரின் சில்லு விரலில் ஏறும். ஒரு முழங்காலில் இறங்கி, விரல்களை மடக்கி, கைகால்களை உடம்போடு ஒடுக்கி, மூன்று எண்ணுவதற்குள் எழும்ப வேண்டும். எனக்கு எழும்புவதுதான் வரவில்லை. முதல் இரண்டு வகுப்பிலும் விழுந்த இடத்திலேயே கிடந்தேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1935இல் சிக்காகோவில் லியோ செல்ற்சர் தொடக்கிய நீண்டதூரச் சறுக்குப் போட்டிதான் இதன் மூலம். இன்றைய வடிவம் 2001இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் பெண்கள் மீட்டெடுத்தது. நீள்வட்டப் பாதையில் அணிக்கு ஐந்து பேர், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடுவார்கள். தலைக்கவசத்தில் நட்சத்திரம் உள்ளவர் ஜாமர், மற்ற நால்வரும் மறிப்பவர்கள். ஜாமர் ஒருமுறை கூட்டத்தை ஊடறுத்துவிட்டுச் சுற்றி வந்து, பிறகு தாண்டும் ஒவ்வோர் எதிராளிக்கும் ஒரு புள்ளி. ஒரு ஜாம் ஆகக்கூடியது 2 நிமிடம். இடுப்பாலும் தோளாலும் இடிக்கலாம். முழங்கையால் இடிப்பதும், முதுகில் தள்ளுவதும், தலையில் அடிப்பதும் குற்றம். அதற்கு 30 விநாடி வெளியே இருக்க வேண்டும்.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, முழங்காலை மடிக்காமல் இடுப்பை வளைப்பது. குந்துவதற்கும் நிற்பதற்கும் நடுவில், நெஞ்சை நிமிர்த்தி இருக்க வேண்டும். நான் சோறு வேகும்வரை குசினியில் அப்படி நின்று பழகினேன். தொடை எரியும். ஆனால் ஒரு மாதத்தில், தட்டினால் விழுகிற ஆளாக நான் இல்லை.

வேகத்துக்கு முன் நிற்கப் பழகுங்கள். கால்களை அகட்டி, பெருவிரல்களை உள்நோக்கித் திருப்பி, குதிகளால் வெளியே அழுத்தினால் வேகம் குறையும். இன்னொரு முறை, ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து இழுப்பது. இரண்டையும் இரண்டு காலிலும் செய்து பாருங்கள். நிற்கத் தெரியாத பயத்தில்தான் பலர் மெதுவாக ஓடுகிறார்கள்.

பல ஆண்டுகளாகப் புதியவர்களுக்கு ஒரு தேர்வு இருந்தது: 5 நிமிடங்களில் 27 சுற்று. நான் முதல் தடவை ஓடியது 16. மூச்சுப் போதவில்லை என்றே எண்ணினேன். உண்மையில் வளைவுகளில் தள்ளாமல் சும்மா உருண்டுகொண்டிருந்தேன். வளைவில் வலக்காலை இடக்காலுக்கு மேலாகக் குறுக்கே வைத்து, கீழே வரும் இடக்காலாலும் தள்ள வேண்டும். அது பிடிபட்ட பிறகு, மூச்சு அதே மூச்சுத்தான், சுற்று 23 ஆனது.

எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது விசில். நடுவர் ஊதிய ஒவ்வொரு தடவையும் தோள் இறுகி, கண் மேலே போய்விடும். பயிற்சியாளரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் அனுதாபமாக எதுவும் கதைக்கவில்லை, விசில்களின் அர்த்தத்தைச் சொல்லித் தந்தார். ஒரு குறுகிய ஊதல், ஜாம் தொடங்குகிறது. இரண்டு, ஒரு ஜாமர் முன்னிலை பெற்றுவிட்டார். நீண்டது ஒன்று, யாரோ குற்றம் செய்துவிட்டார்கள். அடுத்தடுத்து நான்கு, ஜாம் முடிந்தது. சில கிழமைகள் ஓடாமல் பாதையோரத்தில் இருந்து எண்ணினேன். இப்போதும் துடிக்கிறேன்தான், ஆனால் எண்ணிக்கொண்டு துடிக்கிறேன்.

உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்களும், முன்பு எலும்பு முறிந்தவர்களும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். எந்தப் பக்கம் இடி வாங்கக்கூடாது என்பதைப் பயிற்சியாளரிடமும் சொல்லுங்கள். இது வெட்கப்படும் விஷயம் அல்ல.

தலைக்கவசம், பற்காப்பு, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் கவசங்கள் கட்டாயம். பல கழகங்கள் புதியவர்களுக்கு இரவல் தரும். சொந்தமாக வாங்குவதென்றால் காசை முழங்கால் கவசத்தில் போடுங்கள், சப்பாத்து பிறகு பார்க்கலாம். வழுக்கும் தரைக்கு மென்மையான சில்லு, பிடிப்புள்ள தரைக்குக் கடினமானது. கவசங்களைப் பையிலேயே விட்டால் நாற்றம் போகாது. ஒவ்வொரு தடவையும் வெளியே காயப்போடுங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்வது அம்மா. போட்டி பார்க்க இன்னும் வரவில்லை. பால்கனியில் கவசத்தைத் தொங்கவிட்டு, “இண்டைக்கு எத்தினை தரம் விழுந்தனி?” என்று மட்டும் கேட்பார்.