சாக்கடையில் தொங்கிய துணி

1937ஆம் ஆண்டின் இறுதியில், லண்டனுக்குத் தெற்கே உள்ள கிராய்டனில் பலருக்குக் காய்ச்சல் கண்டது. டைஃபாய்டு. விசாரித்தபோது அடிங்டன் கிணற்றின் கதை வெளியே வந்தது. கிணற்றில் பழுதுபார்க்கும் வேலை நடந்த நாட்களில் தண்ணீரை வடிகட்டாமல், குளோரினும் கலக்காமல் குழாயில் விட்டிருந்தார்கள். உள்ளே இறங்கி வேலை செய்தவர்களில் ஒருவர், முதல் உலகப் போர்க் காலத்தில் டைஃபாய்டு வந்து பிழைத்தவர். காய்ச்சல் எப்போதோ போய்விட்டது. கிருமி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. 43 பேர் இறந்தார்கள்.

டைஃபாய்டு வந்து தேறியவர்களில் சிலருக்குப் பித்தப்பையில் கிருமி தங்கிவிடும். பசிக்கும், தூக்கம் வரும், வேலைக்குப் போவார்கள். வருஷக்கணக்கில் மலத்தோடு கிருமி வெளியேறுவது அவர்களுக்கே தெரியாது. தினமும் வெளியேறுவதும் இல்லை என்பதால் ஒருமுறை சோதித்துவிட்டு ஆள் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் உள்ள அத்தனை பேரையும் திரும்பத் திரும்பச் சோதிப்பது எப்படி?

விடை ஒரு முழத் துணியில் இருந்தது.

1939இல் போர் மூண்டபோது, குண்டுவீச்சில் குடிநீர்க் குழாய்கள் உடையும், கொள்ளைநோய் பரவும், எதிரி கிருமிகளையே ஆயுதமாக்கக்கூடும் என்றெல்லாம் பிரிட்டன் அஞ்சியது. அந்த அச்சத்தில் நாடெங்கும் அவசர கால ஆய்வகங்கள் திறக்கப்பட்டன. அஞ்சிய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் பாலையும் தண்ணீரையும் காய்ச்சல்களையும் ஊர் ஊராகக் கண்காணிக்கும் வழக்கம் வேர்விட்டுவிட்டது. போர் முடிந்ததும் பொது சுகாதார ஆய்வகச் சேவை என்ற பெயரில் அது நிரந்தரமானது. லண்டனின் காலின்டேல் அதன் தலைமையிடம். நோயாளியின் முகத்தையே பார்க்காமல் ஊரையே நோயாளியாகப் பாவிக்கும் ஒரு தொழில் அங்கே உருவானது.

அந்தச் சேவையைச் சேர்ந்தவர் பிரெண்டன் மூர். இங்கிலாந்தின் வடக்கு டெவனில், டைஃபாய்டைப் போன்ற பாராடைஃபாய்டு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கிருமியைச் சுமப்பவர் யாரென்று பிடிபடவில்லை. மூர் காஸ் துணியைப் பல மடிப்பாக மடித்து, கயிற்றில் கட்டிப் பாதாளச் சாக்கடைக்குள் தொங்கவிட்டார். ஒரு பாட்டில் கழிவுநீரை மொண்டால் அந்த நொடியில் ஓடுவது மட்டுமே கிடைக்கும். துணியோ இரண்டு மூன்று நாள் அங்கேயே கிடந்து, அதைக் கடந்து போகும் கிருமிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிரதானக் குழாயில் கிருமி அகப்பட்டால், அடுத்து அதில் வந்து சேரும் ஒவ்வொரு கிளையிலும் ஒரு துணி. எந்தக் கிளையில் அகப்படுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். தெரு தெரியும், பிறகு வீடு தெரியும். 1948இல் மூர் இந்த முறையை எழுதி வெளியிட்டார்.

துணி ஆய்வகத்துக்கு வந்த பிறகு நடப்பது பொறுமையின் வேலை. சாக்கடையில் கோடிக்கணக்கான வேறு கிருமிகள் உண்டு. அவற்றை அடக்கி, தேடும் கிருமியை மட்டும் பெருகவிடும் கரைசலில் துணியை ஊறவைக்க வேண்டும். பிறகு அந்தக் கரைசலில் ஒரு துளியை பிஸ்மத் சல்ஃபைட் தட்டில் இழுத்துவிட வேண்டும். பெல்ஃபாஸ்டில் வில்சனும் பிளேரும் உருவாக்கிய ஊடகம் அது. ஓரிரு நாளில் வெளிர்பச்சைத் தட்டில் கரும்புள்ளிகள் எழும். விளிம்பில் உலோகம் போன்ற மினுக்கம் தெரியும். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து உரிய சீரத்தோடு கலந்தால், பால் திரிவதுபோல் திரிதிரியாகச் சேரும். அதைப் பார்க்கும் கணத்துக்காகத்தான் அத்தனை நாள் காத்திருப்பும்.

துணி கடல் கடந்தும் வேலை செய்தது. சிலியின் சாந்தியாகோவில் டைஃபாய்டு ஓயாமல் இருந்தது. 1980களில் பாசனக் கால்வாய்களில் போட்ட துணிகளில் கிருமி அகப்பட்டது. நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே காய்கறித் தோட்டங்களுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. 1991இல் காலரா பயம் வந்தபோதுதான் அந்தப் பாசனத்தை அரசு உறுதியாகத் தடுத்தது. டைஃபாய்டும் வேகமாகச் சரிந்தது. ஆய்வகம் காட்டிய வழியில் அரசு நடக்கக் காலரா வரவேண்டியிருந்தது என்பது வேதனை.

லண்டனில் 2022இல் அப்படித் தாமதிக்கவில்லை. பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுநீரில், தடுப்பு மருந்தின் வைரஸிலிருந்து திரிந்த போலியோ வைரஸ் தொடர்ந்து தென்பட்டது. ஒரு குழந்தைக்குக்கூட கால் விளங்காமல் போகவில்லை. அப்படி ஒன்று நேரும்வரை காத்திராமல், 1 முதல் 9 வயது வரையிலான லண்டன் குழந்தைகள் அனைவருக்கும் கூடுதல் தவணை தடுப்பூசி போடுவதாக ஆகஸ்டில் அறிவித்தார்கள்.

நம் வேலூரிலும் மூரின் துணி இறங்கியிருக்கிறது. சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நகரச் சாக்கடைகளில் அதைப் போட்டு, டைஃபாய்டுக் கிருமியின் மரபணுத் தடயத்தைத் தேடினார்கள். இதற்கு யாரும் மேன்ஹோலுக்குள் இறங்க வேண்டியதில்லை. மேலிருந்து கயிறு விட்டால் போதும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் சாக்கடைக்குள் மனிதர்கள் சாகும் நாட்டில் இதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

துணியும் கயிறும் மலிவு. செலவு பிடிப்பது, ஒவ்வொரு வாரமும் தட்டைப் பார்க்கும் பயிற்சி பெற்ற ஆள். வேலூரில் நடந்ததை மற்ற மாநகராட்சிகளும் தொடங்க வேண்டும். அதற்கான ஆய்வகங்களையும் நிரந்தரப் பணியிடங்களையும் அரசு இப்போதே ஏற்படுத்தித் தர வேண்டும்.