படகை இழுத்த கயிறு

அஸ்தினாபுரத்தில் இருந்துகொண்டு படகுப் பயணத்தைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்து மழைநீர் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பை அடைகிறது. பிறகு ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. நம் தெருவெள்ளம் சேரும் அந்தக் கால்வாயில்தான் ஒருகாலத்தில் காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை, கிருஷ்ணா கோதாவரிக் கால்வாய்களையும் சேர்த்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர், கடலுக்குள் இறங்காமலே படகில் போக முடிந்தது.

1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய வாய்க்கால் இது. 1837இல் அரசு அதனை எடுத்துக்கொண்டது. விறகும் உப்பும் நெல்லும் இதன்வழி நகருக்கு வந்தன.

இதில் பயணம் புறப்படுவது இன்று நாம் ரயிலுக்குக் கிளம்புவதைப் போன்றதன்று. கால்வாயின் நீர்மட்டம் ஆற்று முகத்துவாரங்களின் ஓதத்தைப் பொறுத்தது. எனவே ‘லாக்’ எனப்பட்ட கதவணைகளில் நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். காற்று சாதகமானால் பாய் விரிக்கலாம். இல்லையேல் கோல் ஊன்றியோ, கரையில் நடப்பவர்கள் கயிறு கட்டி இழுத்தோதான் படகு நகரும். ஆக, பயணத் திட்டத்தில் அலையும் காற்றும் எவ்வளவு முக்கியமோ, கூலியாளின் தோளும் அவ்வளவு முக்கியம்.

கால்வாயை வெட்டியதும் அத்தகைய தோள்களே. தாது வருடப் பஞ்சத்தின்போது (1876–78) அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி நிவாரணப் பணியாகத் தோண்டப்பட்டது. 1877இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வற்புறுத்தியதால், நிவாரணப் பணிகளில் ஓர் ஆணின் தினக்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைக்கப்பட்டது. மண் சுமப்பவனுக்கு நாளொன்றுக்கு அரைக்கிலோவுக்கும் குறைவான தானியம்! சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. வேலை முடிந்து 1878இல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்.

பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இந்த நீர்வழியில் நண்பர்களோடு சென்ற பயணத்தைப் பாடுகிறது. உல்லாசப் பயணம்தான், மாலையின் அழகில்தான் கவிஞர் தொடங்குகிறார். பிறகு அவர் பார்வை கரைக்குத் திரும்பிக் கயிற்றை இழுத்து நடக்கும் மனிதர்மீது விழுகிறது. அழகை ரசித்த மனம் கலங்குகிறது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பாடியவர் பலர். அங்கே கொண்டுசேர்த்த உழைப்பைப் பாட்டுக்குள் ஏற்றியதில்தான் இக்கவிதையின் பெருமை இருப்பதாக நாம் கருதுகிறோம்.

1960களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. ரயிலும் லாரியும் சரக்கைக் கொண்டுபோயின. நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயிலேயே ஊன்றப்பட்டன. 2008இல் இவ்வழி நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சென்னையிலிருந்து மரக்காணத்துக்குப் படகு விட இன்றும் வழியில்லை. முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் உப்பங்கழியை ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய துறையிலேயே நம்மை இறக்கிவிடுகின்றன.